லினக்ஸ் கணினியிற் கம்பியில்லா இணைப்பு

ஒரு கருவி பயன்படாது போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அது தேய்ந்தோ முறிந்தோ கெட்டுப்போதல். மற்றொன்று, அது நல்ல நிலையில் இருப்பவும் அதனை இயக்கும் முறையை அறிவார் இல்லாமை. முன்னையது கருவியின் குறை. பின்னையது கல்வியின் குறை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு அலுமாரிகளில் உறங்கும் பழைய மடிக்கணினிகளுட் பல இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றை மீண்டும் பயன்படுத்தும் வழியையும், அவ்வழியில் எதிர்ப்படும் பெருந்தடை ஒன்றையும், அதனை நீக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழங்கணினியின் பெறுமதி

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழங்கிவந்த பொது ஆதரவை 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திற்று. அதன்பின் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாட்டையும், நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற செயலியையும் வேண்டி நிற்கின்றது. இன்டெல் செயலிகளுள் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவை, மிகச் சில நீங்கலாக, அப்பட்டியலில் இல்லை. எட்டாந் தலைமுறை வெளிவந்தது 2017ஆம் ஆண்டில். எனவே அதற்கு முன் உருவான கணினிகள், திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருப்பினும், காலங்கடந்தன என்று ஒதுக்கப்படுகின்றன.

செல்வ நாடுகளில் இஃது ஒரு பொருட்டன்று. நம் நாட்டிலோ பெரும்பொருட்டாகும். 2020 மார்ச்சு மாதத்திற் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கல்வி இணையவழியே நடைபெறலாயிற்று. வீட்டில் ஒரே கையடக்கத் தொலைபேசியை உடன்பிறந்தார் பலர் முறைவைத்துப் பயன்படுத்திய நாள்களை ஆசிரியர் எவரும் மறந்திரார். அதன்பின், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதிப் பொருளாகிய கணினி நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டாக் கனியாயிற்று. இந்நிலையில், ஒதுக்கப்பட்ட கணினி ஒன்றை மீட்டெடுத்தல் ஒரு மாணாக்கனுக்குக் கல்வியின் கதவைத் திறந்துவிடுதலாகும்.

அவ்வாறு மீட்பதற்குத் துணையாவது லினக்ஸ். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் அதனை உருவாக்கத் தொடங்கினார். 1992இல் அது ஜிபிஎல் என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளிவந்தது. எவரும் அதனைப் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே அவ்வுரிமத்தின் சாரம். அதனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் முதலிய தொகுப்புகளை விலையின்றிப் பெறலாம். அவற்றுள் எளிய வகைகள் பழங்கணினியிலும் இலகுவாக இயங்குவன.

இத்தகைய திறந்த மென்பொருள் மரபு நம் நாட்டுக்குப் புதிதன்று. 2003ஆம் ஆண்டிலே கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசன் தோற்றுவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபொழுது, இந்நாட்டு மென்பொருள் வல்லுநர் தொண்டர்களாய்க் கூடி, காணாமற்போனாரையும் இடம்பெயர்ந்தாரையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்துகொள்ளும் சகானா என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். பின்னர் அது வேற்றுநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதை அதற்கு வழங்கிற்று.

எதிர்ப்படும் தடை

பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவுவார் பலர் முதலில் மகிழ்ச்சியே அடைகின்றனர். திரை ஒளிர்கின்றது, ஒலி கேட்கின்றது, தமிழ் எழுத்தும் தோன்றுகின்றது. ஆயின் வைஃபை இணைப்பைத் தேடும்பொழுது பட்டியல் வெறுமையாக இருக்கின்றது. அயல்வீட்டாரின் தொலைபேசியெல்லாம் இணையத்தில் இருக்க, இக்கணினி மட்டும் தனித்து நிற்கின்றது. உடனே, "லினக்ஸ் நமக்கு ஆகாது" என்று சொல்லி மூடிவைத்துவிடுகின்றனர். ஒரு சிறு பொறியின் பொருட்டு முழுக் கணினியும் மீண்டும் அலுமாரிக்குச் செல்கின்றது.

இத்தடையின் இயல்பை அறியச் சில சொற்களின் பொருளைத் தெளிதல் வேண்டும். அடெப்டர் எனப்படும் இணைப்பி, வானொலி அலையைக் கணினிக்குரிய தரவாகவும், தரவை அலையாகவும் மாற்றும் சிறு பொறி. மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் உள்ளேயே அமைந்திருக்கும். பெருவிரலளவான யூஎஸ்பி துண்டாக வெளியிற் செருகப்படுவதும் உண்டு. இணைப்பியின் உள்ளே இருக்கும் சில்லுத்தான் தொழிலைச் செய்வது. இணைப்பியின் மேற்புறத்தில் எந்த நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பினும், உள்ளிருக்கும் சில்லினை ஆக்கியவர் வேறொருவராக இருத்தல் பெருவழக்கு. இன்டெல், புரோட்கொம், அதெரோஸ், றியல்ரெக், மீடியாரெக் என்பன அத்தகைய சில்லு நிறுவனங்களுட் சில.

கணினியின் கருவாகிய கேர்னல் ஒரு மொழியிற் பேசும். சில்லு வேறொரு மொழியிற் பேசும். ஆங்கில ஆட்சிக் காலத்திற் கச்சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் மொழிபெயர்ப்பு முதலிமார் இருந்து, துரைமாருக்கும் குடிகளுக்கும் இடையே பேச்சை நடத்தியதுபோல, இவ்விரண்டிற்கும் இடைநின்று பேசும் மென்பொருளே டிரைவர் எனப்படும் இயக்கி. இனி, பல சில்லுகள் தமக்கெனப் பாடம் எதனையும் நினைவில் வைத்திருப்பதில்லை. மின்சாரம் பெறுந்தோறும் அவற்றுக்குத் தொடக்கப் பாடம் ஒன்றை ஓதுவித்தல் வேண்டும். அப்பாடமே ஃபேர்ம்வெயர் எனப்படும் நிலைபொருள். மொழிபெயர்ப்பவர் இருந்தும் பாடம் இல்லையாயின் சில்லு ஊமையாகும். பாடம் இருந்தும் மொழிபெயர்ப்பவர் இல்லையாயின் அது பேசுவது கணினிக்கு விளங்காது.

தடையின் மூலம்

இயக்கி கிடையாமைக்கு மூலகாரணம் லினக்ஸின் இயலாமை அன்று. சில்லினை ஆக்கியோர் அதன் இயல்பை மறைத்தமையே. விண்டோஸ் முறைமைக்கான இயக்கியை நிறுவனங்கள் தாமே எழுதிப் பெட்டியுடன் வைத்து விற்றன. லினக்ஸைப் பயன்படுத்துவோர் சிறுதொகையினர் எனக் கருதி அவர்களுக்கு எதனையும் எழுதவில்லை. பிறர் எழுதுதற்கு வேண்டிய குறிப்புகளையும் வெளியிடவில்லை.

இவ்வகையிற் புரோட்கொம் சில்லின் வரலாறு அறியத்தக்கது. அதன் குறிப்புகள் கிடையாமையால், தன்னார்வலர் தம்மை இரு குழுவாகப் பிரித்துக்கொண்டனர். ஒரு குழு நிறுவனத்தின் இயக்கியை ஆராய்ந்து சில்லின் நடத்தையை ஏட்டில் விவரித்தது. மறுகுழு அவ்வியக்கியைக் கண்ணாற் காணாமலே, அவ்வேட்டை மட்டும் கொண்டு புதிய இயக்கியை எழுதிற்று. பிறர் எழுத்தைத் திருடினர் என்னும் பழி வாராதிருத்தற்கே இவ்வேற்பாடு. அவ்வாறு பிறந்த இயக்கி 2006 ஜூன் மாதத்தில் வெளிவந்த 2.6.17ஆம் பதிப்புக் கேர்னலிற் சேர்ந்தது. ஆயின் நிலைபொருளை மாற்றி எழுத இயலாமையால், நிறுவனத்தின் கோப்பிலிருந்தே அதனைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பின்னர் நிறுவனங்களின் மனமும் படிப்படியாக மாறலாயிற்று. 2008இல் அதெரோஸ் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கி ஒன்றைத் தானே வெளியிட்டது. 2010இற் புரோட்கொம் நிறுவனமும் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கு அவ்வாறே செய்தது.

மறைத்தலும் திறத்தலுமாகிய இப்போர் நம்மவர்க்கு அறிமுகமானதே. கைமுறை மருந்தின் சேர்மானத்தை மகனுக்கும் சொல்லாது மறைத்த வைத்தியர் நம்மிடை இருந்தனர். மறைந்திருந்த ஏடுகளைத் தேடிப் பரிசோதித்து அச்சிலேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பெருமக்களும் இருந்தனர். அவர் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தமையால் அது பலர் கையில் தவழும் நூலாயிற்று. முன்னையோரின் வித்தை அவரோடு மறைந்தது. பின்னையோரின் உழைப்பு நமக்கு முதுசமாயிற்று.

ஐந்து வினாக்கள்

வரலாற்றை விடுத்து இனிச் செய்முறைக்கு வருவோம். இணைப்பு என்பது பல கண்ணிகள் கொண்ட சங்கிலி. எக்கண்ணி அறுந்தது என்று அறியாது, இணையத்திற் கண்ட கட்டளைகளையெல்லாம் தட்டிப் பார்ப்பது, நோயை அறியாது மருந்து கொடுப்பதனை ஒக்கும். கீழிருந்து மேலாக ஐந்து வினாக்களை முறையே வினவுதல் வேண்டும். ஒரு வினாவுக்கு விடை கண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்லலாம்.

முதல் வினா: கணினி இணைப்பியைக் காண்கின்றதா? கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எல், எஸ், யூ, எஸ், பி என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்திற் சேர்த்துத் தட்டினால், யூஎஸ்பி வழியாகச் செருகப்பட்டவற்றின் பட்டியல் தோன்றும். உள்ளே அமைந்த இணைப்பியாயின், பெரும்பாலும், எல், எஸ், பி, சி, ஐ என்று தட்டுதல் வேண்டும். பட்டியலிற் சில்லின் பெயர் தோன்றும். யூஎஸ்பி பட்டியலில் நான்கு நான்கு குறிகள் கொண்ட இரட்டை எண்ணும் உடன் காணப்படும். முன்னெண் நிறுவனத்தையும் பின்னெண் பொருளையும் குறிக்கும். இதனைக் குறித்து வைத்துக்கொள்க. பெட்டியின் மேலுள்ள பெயரை நம்புதல் கூடாது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்னும் இணைப்பியின் முதற் பதிப்பில் இருந்தது அதெரோஸ் சில்லு. அது லினக்ஸில் எளிதாக இயங்கிற்று. அதே பெயரோடு வந்த இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் இருப்பதோ றியல்ரெக் சில்லு. அதனை இயக்கப் பலர் இடர்ப்பட்டனர். ஒரே பெயர், ஒரே தோற்றம், உள்ளுறை வேறு.

றியல்ரெக் சில்லு கொண்ட இணைப்பிகளுட் சில மற்றொரு வேடமும் பூணுவதுண்டு. செருகியவுடன் தம்மை இணைப்பியெனக் கூறாது, விண்டோஸ் இயக்கியைச் சுமந்த இறுவட்டு எனக் கூறும். அவ்விறுவட்டை வெளியேற்றினாற்போல, கோப்புச் சாளரத்தில் எஜெக்ட் என்பதை அழுத்தியதும், வேடங் கலைந்து இணைப்பியாக வெளிப்படும்.

இரண்டாம் வினா: இயக்கி உண்டா? இல்லையாயின், முதலிற் செய்யத்தக்கது புதிய பதிப்பு லினக்ஸை நிறுவுதல். ஒரு காலத்தில் இயங்காத சில்லு பிற்பதிப்பில் தானே இயங்குதல் உண்டு. எடுத்துக்காட்டாக, மலிவான யூஎஸ்பி இணைப்பிகளிற் காணப்படும் ஆர்டிஎல்8821சியூ முதலிய றியல்ரெக் சில்லுகளுக்கான இயக்கி, 2023 பெப்ரவரியில் வெளிவந்த 6.2ஆம் பதிப்புக் கேர்னலிலே இடம்பெற்றது. உபுண்டு, மின்ட் ஆகியவற்றில், தனியுரிமை இயக்கிகளைத் தேடி நிறுவும் சாளரம் ஒன்று உண்டு. பழைய புரோட்கொம் சில்லுகளுக்கு அதில் ஒரு தெரிவை அழுத்துவதே பெரும்பாலும் போதுமானது.

தனியார் எழுதி வெளியிட்ட இயக்கியைத் தொகுத்து நிறுவுவது இறுதி வழி. அதில் இரு இடர்கள் உள. கேர்னல் புதுப்பிக்கப்படுந்தோறும் அவ்வியக்கியை மீளத் தொகுத்தல் வேண்டும். டிகேஎம்எஸ் என்னும் ஏற்பாடு அதனைத் தானே செய்யும். செக்கியூர் பூட் என்னும் பாதுகாப்புப் பூட்டு இயங்கும் கணினியில், கையொப்பமிடாத இயக்கியைக் கேர்னல் ஏற்காது. இயக்கி சரியாகத் தொகுக்கப்பட்டும் இணைப்பு வாராமைக்கு இது பலகாற் காரணமாகின்றது. அத்தகைய கணினியில், இயக்கிக்குரிய சாவியைப் பதிவு செய்தல் வேண்டும்.

மூன்றாம் வினா: நிலைபொருள் உண்டா? டி, எம், ஈ, எஸ், ஜி என்னும் கட்டளை, கணினி விழித்தது முதல் கேர்னல் எழுதிவந்த நாட்குறிப்பைக் காட்டும். சில முறைமைகளில் எஸ், யூ, டி, ஓ என்பதை அதற்கு முன் சேர்த்தல் வேண்டும். அந்நாட்குறிப்பில் ஃபேர்ம்வெயர் என்னும் சொல்லுக்கு அருகே, கோப்பு கிடைக்கவில்லை என்னும் பொருளில் ஒரு வரி காணப்படின், குறை யாதென வெளியாயிற்று. அக்கோப்பின் பெயரும் அவ்வரியிலேயே இருக்கும். டெபியன் தொகுப்பு, கொள்கை பற்றி, திறவா நிலைபொருளைத் தன் நிறுவல் வட்டிற் சேர்க்காது நெடுங்காலம் விலக்கி வைத்திருந்தது. 2022இல் நடந்த உறுப்பினர் வாக்கெடுப்பின் பின் அந்நிலை மாறிற்று. 2023 ஜூன் மாதத்தில் வெளிவந்த டெபியன் 12 முதல் அது நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்படுகின்றது.

நான்காம் வினா: அலை தடுக்கப்பட்டுள்ளதா? ஆர்எஃப்கில் லிஸ்ட் என்னும் கட்டளை இருவகைத் தடையைக் காட்டும். மென்தடை மென்பொருளால் ஆனது. ஒரு கட்டளையால் நீங்கும். வன்தடை பொறியால் ஆனது. பழைய மடிக்கணினிகளின் விளிம்பில் வைஃபைக்கெனச் சிறு ஆளி ஒன்று இருக்கும். அன்றேல் விசைப்பலகையின் மேல்வரிசை விசை ஒன்று அத்தொழிலைச் செய்யும். பையில் வைக்கும்பொழுது அவ்வாளி தற்செயலாய் நகர்ந்திருத்தலுங் கூடும். எக்கட்டளையும் அதனை நீக்காது, விரலே நீக்கும்.

ஐந்தாம் வினா: அலை எட்டுகின்றதா? வைஃபை பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்குவது, ஒன்று 2.4 கிகாஹேட்ஸ், மற்றொன்று 5 கிகாஹேட்ஸ். பழைய இணைப்பிகள் பல முன்னதனை மட்டுமே அறியும். வீட்டு ரவுட்டர் 5 கிகாஹேட்ஸில் மட்டும் ஒலிபரப்புமாயின், அவற்றுக்கு அது இல்லாததேயாகும். முன்னதிலும் நெருக்கடி உண்டு. 2.4 கிகாஹேட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. வெள்ளவத்தையின் மாடிவீட்டுத் தொகுதிகளில் தளத்துக்குத் தளம், சுவருக்குச் சுவர் ரவுட்டர்கள் நெருங்கியிருப்பதால், இம்மூன்று தடங்களும் சந்தைவீதிபோல இரைச்சல் மிகுந்தவை. அங்கே இணைப்பு அடிக்கடி அறுமாயின், லினக்ஸைக் குறைகூறுமுன் ரவுட்டரின் தடத்தை மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

நாட்டுக்கு நாடு அலைவரிசைச் சட்டமும் வேறுபடும். நம் நாட்டில் அப்பொறுப்பு 1996இல் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினுடையது. லினக்ஸ் ஒவ்வொரு நாட்டின் விதியையும் ஈரெழுத்துக் குறியால் அறியும்; இலங்கைக்குரியது எல், கே என்பது. கணினி தான் அமெரிக்காவில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தால், 13ஆந் தடத்தில் ஒலிபரப்பும் ரவுட்டரைக் காணாது. நாட்டுக்குறியைச் சரிசெய்வதே அதற்கு மருந்து.

இணையமின்றி இணையம் பெறுதல்

இங்கே ஓர் ஐயம் எழலாம். இயக்கியையும் நிலைபொருளையும் இறக்குதற்கு இணையம் வேண்டும். இணையம் பெறுதற்கோ அவை வேண்டும். பைத்தியந் தெளிந்தாற் கல்யாணம், கல்யாணம் ஆனாற் பைத்தியந் தெளியும் என்ற பழமொழியின் கதையன்றோ இது? இச்சிக்கலை அவிழ்க்கும் எளிய வழி கையடக்கத் தொலைபேசி. அன்ட்ரொயிட் தொலைபேசியை மின்னேற்றும் கம்பியாற் கணினியுடன் பிணைத்து, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி ரெதரிங் என்பதை இயக்கினால், லினக்ஸ் அதனைக் கம்பிவழி இணைப்பாக உடனே ஏற்றுக்கொள்ளும். இயக்கி எதுவும் நிறுவ வேண்டியதில்லை. கம்பி தரவைக் கடத்துவதாக இருத்தல் மட்டும் வேண்டும். மின்னேற்றத்துக்கு மட்டும் உதவும் மலிவான கம்பி பயன்படாது. ரவுட்டர் அருகில் இருப்பின் ஈதர்நெற் கம்பியும் அத்தொழிலைச் செய்யும்.

ஆசிரியரும் மாணாக்கரும் செய்யத்தக்கன

இவ்வைந்து வினாக்களின் பயன் ஒரு கணினியோடு முடிவதன்று. புத்தம்புது இணைப்பி வாங்கச் செல்வோர், பம்பலப்பிட்டியிலோ புறக்கோட்டையிலோ கடைக்காரரிடம் விலையைக் கேட்குமுன் சில்லின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கேட்டல் வேண்டும். அச்சில்லுக்கான இயக்கி கேர்னலிலேயே உளதா என்று அறிந்து வாங்குவது, பின்னர் வருந்துவதினும் மேலானது. லினக்ஸை நிறுவுமுன், அதனை யூஎஸ்பி நினைவியிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை அங்கே இயங்குமாயின், நிறுவிய பின்னும் பெரும்பாலும் இயங்கும். இச்சோதனை கணினியிலுள்ள எதனையும் அழிப்பதன்று.

பாடசாலைகளில் இதனை ஒரு கூட்டுமுயற்சியாகவே செய்யலாம். அயலிலுள்ள கேரளத்து அரசுப் பாடசாலைகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே கணினிக் கல்வியை நடத்திவருகின்றன. நம் கணினிக் கழகங்களும் ஓர் ஏட்டைத் தொடங்கி, மாணாக்கர் கொண்டுவரும் ஒவ்வொரு கணினிக்கும் சில்லின் பெயர், இரட்டை எண், லினக்ஸின் பதிப்பு, எக்கண்ணியிற் குறை, எவ்வாறு நீங்கிற்று என்னும் ஐந்தையும் எழுதிவைக்கலாம். நூறு கணினிகளின் குறிப்பு அடங்கிய ஏடு, நூற்றொன்றாவது மாணாக்கனுக்கு ஒரு வாரத்து உழைப்பை மிச்சப்படுத்தும். பழைய மாணவர் தம் வீடுகளில் ஒதுக்கிவைத்த கணினிகளை இக்கழகங்களுக்கு வழங்குவாராயின் அது சிறந்த கொடையாகும்.

அவ்வேட்டைப் பூட்டிவைத்தல் மட்டும் ஆகாது. சில்லின் இயல்பை அதனை ஆக்கியோர் மறைத்தமையால் விளைந்த துன்பமே இவ்வளவும் என்று கண்டோம். ஆதலின் நாம் கண்ட சிறு விடையையும் அயற்பாடசாலைக்கும் அறியத் தருதல் நம் கடன். அறிந்தவர் ஒருவர் எழுதிவைப்பாராயின், அலுமாரியிற் கிடக்கும் கணினி ஒன்று பிள்ளை ஒருவரின் மேசைக்கு வரும்.